முதல் கூண்டு

நாப்பத்தெட்டு, நாப்பத்தொன்பது, அம்பது, போதும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மருந்து உள்ள களிம்புக்கும் அம்பது தேய்ப்பு, மருந்து இல்லாத களிம்புக்கும் அதே அம்பது. இல்லைன்னா நாளப்பின்ன வாய்மொழித் தேர்வுல எவராவது எந்திருச்சு, ஏம்மா, நீ தேய்ச்ச தேய்ப்புலயே வீக்கம் வடிஞ்சிருக்கலாம்லான்னு கேப்பார், என் கைடு என்னைப் பாப்பார், நான் கூரையைப் பாப்பேன். எலி சும்மாத்தான் கிடக்கு. துண்டுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு, பின்னங்கால் மட்டும் வெளிய. உள்ளங்காலு இளஞ்சிவப்பா, ரேகை கூட இருக்கு, பாக்கக் கூடாதுன்னு நினைச்சாலும் அந்த ரேகைதான் கண்ணுல படுது. களிம்பு ஊறினதும் ஊசி. கடற்பாசியில எடுக்கிற ஒரு பசை, ஐஸ்கிரீம்ல போடுவாங்க, நாக்குக்கு ஒண்ணும் செய்யாது, தோலுக்கு அடியில போச்சுன்னா கால் வீங்கிரும். வீங்கின காலை தண்ணிக் குழாய்க்குள்ள கணுக்கால்ல போட்ட மைக்கோடு வரைக்கும் முக்கணும், தண்ணி எவ்வளவு ஏறுதோ அவ்வளவு வீக்கம். ரெண்டாவது கூண்டுக்குக் கடையில விக்கிற வலிக் களிம்பு. மூணாவதுக்கும் நாலாவதுக்கும் என் களிம்பு, வாதநாராயணன் இலைச் சாறு சேர்த்தது, ஒண்ணுல கொஞ்சம், ஒண்ணுல கூட. முதல் கூண்டுக்கு ஒண்ணுமில்லை. மெழுகும் எண்ணெயும், நிறம் ஒத்துப்போகணுமேன்னு துளி பச்சைச் சாயம். பாக்கவன் கண்ணுக்கு எல்லாம் ஒண்ணாத் தெரியணும், அதுதான் முறை. மத்த கூண்டுல வீக்கம் எவ்வளவு குறையுதுன்னு தெரியணும்னா ஒரு கூண்டுல குறையாமலே இருக்கணும்லா. இதுகளோட வேலையே வலிச்சுக்கிட்டு இருக்கதுதான். மத்தியானம் ஆயிட்டுது, ஊசியெல்லாம் போட்டு முடிச்சாச்சு. முதல் ரெண்டு அளவும் எடுத்தாச்சு, அடுத்ததுதான் முக்கியம், அப்பத்தான் வீக்கம் உச்சிக்கு ஏறும். அதுவரைக்கும் உமி வாடையும் காத்தாடிச் சத்தமும்தான் துணை. நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காருதேன்.

இன்னிக்கு சனிக்கிழமை. காலையில எந்திரிச்சதுலேருந்து இந்த சனிக்கிழமை தொண்டையில நிக்குது. அத்தை, என் மாமியார், மாத்திரை போட வேண்டிய நாள். தினசரி மாத்திரை இல்லை, வாரத்துக்கு ஒருக்கா, சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும். வலிக்கான மாத்திரையும் இல்லை அது, மூட்டை அரிச்சுக்கிட்டுப் போற நோயைப் பிடிச்சு நிறுத்துத மாத்திரை. டாக்டரம்மா என்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் சொன்னாங்க, நீங்க பார்மஸி படிச்சவங்க, உங்களுக்கே தெரியும், இதை விட்டா விரல் கோணிப்போயிரும், கோணினது கோணினதுதான், திரும்பாது. நான் பெரிய இவளாட்டம் தலையை ஆட்டினேன். தெரியும் மேடம்னேன். தெரியும். நல்லாவே தெரியும். தெரிஞ்சவ செஞ்ச வேலையைத்தான் இப்ப நினைச்சுக்கிட்டு இருக்கேன். தெரியாதவ செஞ்சிருந்தா அறியாமைன்னு விட்டுறலாம், படிச்சவ செஞ்சதுக்கு என்ன பேர் வைக்க. ரெண்டாவது கூண்டுல ஒண்ணு எந்திரிச்சுத் தண்ணி குடிக்குது. முதல் கூண்டுல எல்லாம் மூலையில ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கிடக்கு.

அத்தைதான் கேட்டா. மொட்டை மாடியில நான் வாதநாராயணன் இலையைக் காயப்போட்டிருந்தேன், வீடெல்லாம் அந்த வாடை. சாமி பேரை வச்சிருக்கு, கேக்காமப் போகுமா, எனக்கும் கொஞ்சம் கொண்டா வடிவுன்னா. மனுஷங்களுக்குக் குடுக்கக் கூடாது அத்தை, இன்னும் எலிக்கே முடியலைன்னு சொன்னேன். சரின்னுட்டா. நாலு நாள் கழிச்சு மறுபடி கேட்டா. அப்புறம் இவுக, என் வீட்டுக்காரர், ஆவுடையப்பன், சாப்பிட்டுக்கிட்டே தட்டைப் பாத்துச் சொன்னாக, எலிக்குத் தடவுத, எங்க அம்மைக்குத் தடவ மாட்டியோ. அந்த ஒரு சொல். குத்திக் கிழிக்கணும்னு சொன்னது இல்லை, அவுக குணம் அது இல்லை, சாதாரணமாச் சொன்னாக, அதனாலதான் கூடக் குத்துச்சு. என்னை யார் படிக்க வச்சா, அத்தைதானே. கல்யாணமாகி ரெண்டு வருஷத்துல, பி.எச்டி. கிடைச்சிருக்கு, விட்டுருதேன் அத்தைன்னு நான் சொன்னப்ப, என்னத்துக்கு விடுத, வீட்டை நான் பாத்துக்கிடுதேன், நீ போன்னு பீடித் தட்டை மடியில வச்சுக்கிட்டுச் சொன்னா, தலையைக் கூட நிமுத்தலை. அந்த விரல். ஒரு சுத்து, ஒரு மடக்கு, நூலைக் கட்டி அடுத்தது. அப்படிச் சுத்தின விரல்ல வந்து உக்காந்துருக்கு வியாதி. அவளுக்குக் குடுக்க மாட்டேன்னு எந்த வாயால சொல்ல. குடுக்கவும் பயம், தோல் வெந்து போச்சுன்னா, ஒவ்வாமை வந்துச்சுன்னா. அன்னிக்குச் சாயங்காலம் களிம்பு டப்பாக்களைத் துடைச்சு வைக்கும்போது என் கை தானாப் போய் முதல் கூண்டு டப்பாவை எடுத்துச்சு. மெழுகும் எண்ணெயும் பச்சைச் சாயமும். யாருக்கும் ஒரு கேடும் செய்யாது. நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது, அவளுக்கு ஒரு மனத் திருப்தி, எனக்கு ஒரு நிம்மதி. என்ன புத்திசாலித்தனம். எனக்கு நானே முதுகுல தட்டிக்கிட்டு பஸ் ஏறினேன்.

தேய்ச்சு விட்டேன். கட்டில்ல உக்கார வச்சு, ஒவ்வொரு விரலா, மூட்டு மூட்டா. விரல் தானா அம்பது எண்ணுச்சு, பழக்க தோஷம். மூணாம் நாளே சொல்லிட்டா, குறைஞ்ச மாரி இருக்கு வடிவு. சிரிச்சுக்கிட்டேன். மனசு செய்த வேலைன்னு எனக்குத் தெரியாதா, இதுக்குன்னு பாடமே இருக்கு, வெறும் சர்க்கரை உருண்டையைக் குடுத்தாலும் பத்துல மூணு பேர் குறைஞ்சுருக்குன்னுதான் சொல்லுவான். சொல்லட்டும்னு விட்டேன். ஆனா விஷயம் அதோட நிக்கலை. கல்லிடைக்குறிச்சியில சின்ன மாமா வீட்டு வளைகாப்புக்குப் போனோம், பந்தியில வச்சு அத்தை சொல்லுதா, என் மருமக கண்டுபிடிச்ச களிம்பு, ஆஸ்பத்திரி மருந்தெல்லாம் பக்கத்துல நிக்க முடியாது. எல்லாரும் என்னைப் பாக்காக. நான் பாயசத்தைப் பாக்கேன். மறுத்துச் சொல்ல ஒரு நிமிஷம் போதும், ஐயோ அப்படியெல்லாம் இல்லைன்னு ஒரு பேச்சு. சொல்லலை. பிடிச்சிருந்துச்சு, அதான் உண்மை. எத்தனை வருஷமா எலி வளக்கான்னு கேலி பண்ணின கூட்டம், கலியாண வீட்டுல என்னைப் பாத்ததும் பிள்ளையைத் தூக்கிட்டுத் தள்ளி உக்காந்த கூட்டம், அன்னிக்கு ஏ வடிவு, எனக்கும் ஒரு டப்பான்னு கேட்டுச்சு. அந்தப் பாயசம் நல்லா இனிச்சுது எனக்கு. நல்லா ரெண்டு தடவை வாங்கிக் குடிச்சேன்.

அதுக்கப்புறந்தான் அட்டையைப் பாத்தேன். முருகன் படத்துக்குப் பின்னால கண் சொட்டு மருந்து தேடிக் கையை விட்டேன், மாத்திரை அட்டை வந்துச்சு. ஒண்ணு கூடப் பிரியலை. எப்ப வாங்கினதுன்னு எனக்குத் தெரியும், நான்தான் வாங்கிட்டு வந்தேன். களிம்பு தேய்க்க ஆரம்பிச்ச வாரத்துலேருந்து மாத்திரை போடலை. களிம்புலதான் சுகமாயிட்டுதே, மாத்திரை எதுக்குன்னு விட்டுட்டா போலுக்குன்னு நினைச்சேன். அங்கனயே கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும், அத்தை, என்ன காரியம் செஞ்சீங்கன்னு. சொன்னா என்ன கேப்பா, அதான் களிம்பு கேக்குதே வடிவும்பா. களிம்பை நம்பாதீங்கன்னு சொல்லணும். ஏன்னு கேப்பா. அதுல ஒண்ணும் இல்லைன்னு சொல்லணும். அந்த இடத்துலதான் நாக்கு நின்னு போச்சு. அட்டையை இருந்த மாதிரியே சாமிக்குப் பின்னால வச்சேன். அடுத்த சனிக்கிழமை சொல்லுவோம்னு நினைச்சேன். அடுத்த சனிக்கிழமை இவுகளுக்கு ஒரே தலைவலி, அன்னிக்கு வேண்டாம்னு விட்டேன். அதுக்கடுத்த வாரம் கைடு திட்டிட்டார், மனசு சரியில்லை. மனசு என்னிக்குத்தான் சரியா இருந்துச்சு. ஒவ்வொரு சனியும் ஒரு காரணத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்து நிக்கும், நானும் வா வான்னு வரவேத்து உக்கார வச்சேன். எலிக்கு ஊசி போட மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடலை. எத்தனை எலி, என்ன வலி, எதுக்காகன்னு கமிட்டிக்கு எழுதிக் குடுத்து, அனுமதி வாங்கி, அப்புறந்தான் ஒண்ணைத் தொடவே விடுவாங்க. அத்தைக்கு யார்ட்டக் கேட்டேன்.

முதல் கூண்டுல தலையில அடையாளத்துக்கு மஞ்சப் பொட்டு வச்ச எலி எந்திரிச்சு நடக்குது. நடக்குதுன்னா மூணு காலால. வீங்கின காலைத் தரையில வைக்கவும் வைக்கலை, தூக்கவும் தூக்கலை, பட்டும் படாம வச்சிருக்கு. புதுசா வந்த பிள்ளைக பாத்தா ஒண்ணுமில்லை மேடம், நல்லாத்தான் நடக்குதும்பாங்க. எலி கத்தாது. கத்தினா பருந்து பாத்துரும், பூனை பாத்துரும், வலிக்குதுன்னு காட்டிக்கிட்டா அதுக்கு அன்னிக்கே சாவு, அதனால மறைக்கும். மறைக்கதைக் கண்டுபிடிக்கதுதான் எங்க படிப்பு. காலை நக்குதா, முடியைக் கோதாம விட்டிருக்கா, முதுகு குனிஞ்சிருக்கா, கண்ணைப் பாதி மூடி வச்சிருக்கா. என்னை விட்டா இந்தக் காலேஜ்ல அதைச் சரியாச் சொல்ல ஆளில்லை, கைடே சொல்லுவார், வடிவு பாத்தாச் சரியா இருக்கும். வடிவு பாத்தா. காலையில அத்தை காப்பி டம்ளரை ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வச்சுக் குடிச்சா. விரலால பிடிக்கலை. மார்கழிக் குளிருக்கு அப்படித்தான் பிடிப்பாகன்னு பாத்துட்டுப் போனேன், இது சித்திரை. சேலை கட்டி எத்தனை நாளாச்சு, நைட்டிதான். வெக்கையாம். ஜாக்கெட் ஊக்கு மாட்ட முடியலையோ. மாவு ஆட்டலை, கடையில பாக்கெட் மாவு வாங்குவோம் வடிவு, நல்லாத்தான் இருக்குன்னா, வாழ்நாள்ல கடை மாவைத் தொடாதவ. ஊறுகாய் பாட்டில், எண்ணெய் பாட்டில், ஒண்ணுலயும் மூடி இறுக்கி இல்லை, சும்மா மேல வச்சிருக்கு, யார்ட்டி இப்படி வச்சதுன்னு நான் ஒருநாள் வேலைக்காரியை ஏசினேன், அத்தை பக்கத்துல நின்னுக்கிட்டு ஒண்ணும் சொல்லலை. விடியக்காலம் கீசர் ஓடுற சத்தம் கேக்கும், யார் குளிக்காகன்னு நினைச்சிட்டுப் புரண்டு படுப்பேன். யாரும் குளிக்கலை. வெந்நியில கையை வச்சிருக்கா. விடியக்காலத்துல விரல் மடங்காது, அந்த வியாதிக்காரங்களுக்கு விடியக்காலந்தான் ரொம்பக் கொடுமை, புஸ்தகத்துல முதல் பக்கத்துல போட்டிருக்கும். வெந்நியில வச்சு மடங்க வச்சு, அப்புறம் எங்களுக்குக் காப்பி போட வந்திருக்கா. வாசல்ல கோலம் எப்ப போட்டா கடைசியா. போடலை. நான் கவனிக்கலை. எலியோட முடி எப்படி நிக்குதுன்னு பாக்கத் தெரிஞ்ச கண்ணுக்கு வீட்டுல ஒரு மனுஷி கை தெரியலை. குறைஞ்சிருக்குன்னு அவ வாய் சொன்னதை எடுத்துக்கிட்டேன். எலி விஷயத்துல வாயை நம்பினேனா. அப்படின்னா களிம்பு மனசை ஏமாத்திக் கூட ஒண்ணும் நடக்கலை, பத்துல மூணு பேர்ல அவ இல்லை. குறையவே இல்லை. குறையாமலே குறைஞ்சிருக்குன்னு ஏன் சொன்னா.

போன் அடிக்குது. அத்தை. எப்பவும் சாப்பிட்டியான்னு கேக்க இந்த நேரத்துக்குக் கூப்பிடுவா. எடுக்கேன். ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுதா, குரல் தூரத்துலேருந்து வருது, இதுவும் எத்தனை நாளா இப்படி, போனைக் காதுல பிடிக்க முடியலை, அதுவும் இப்பத்தான் உறைக்குது.

"சாப்பிட்டியா வடிவு?"

"இல்லத்தை. இனிமேத்தான்."

"சாப்பிடு, நேரமாச்சு. வேற ஒண்ணுமில்லை, களிம்பு தீந்து போச்சு. வரும்போது ஒரு டப்பா கொண்டாந்துரு."

"அத்தை, இன்னிக்கு சனிக்கிழமை. மாத்திரை போட்டீங்களா?"

மிக்ஸி ஓடுற சத்தம், பக்கத்து வீடா இருக்கும்.

"அத்தை."

"போடலம்மா. களிம்பு ஆரம்பிச்சதுலேருந்து போடலை. நீதானே சொன்ன."

"நானா? மாத்திரையை விடச் சொன்னேனா?"

"விடச் சொல்லலை. அன்னிக்கு உள்ளி உரிச்சுக்கிட்டு இருந்தோம்லா, கடைக் களிம்பையும் உன் களிம்பையும் ஒரே எலிக்குத் தடவினா வெரசாக் கேக்குமேன்னு நான் கேட்டேன். கேக்கும் அத்தை, ஆனா எதுல கேட்டுச்சுன்னு தெரியாதே, அந்தக் கணக்கு செல்லாதுன்ன. நானும் ரெண்டையும் போட்டா உன் கணக்கு கெட்டுப்போகும்லா. எதுல கேட்டுச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்? அதான் விட்டேன்."

காத்தாடி சுத்துது. உள்ளி உரிச்சது ஞாபகம் வருது, டிவி ஓடிக்கிட்டு இருந்துச்சு, நான் விளையாட்டாச் சொன்னேன், அத்தை அப்படியான்னு கேட்டுட்டு அடுத்த உள்ளியை எடுத்தா. அவ்வளவுதான் நடந்தது. சுகமாயிட்டுதுன்னு மாத்திரையை விடலை. எனக்காக விட்டிருக்கா. என் படிப்புக்கு ஒரு நல்ல கூண்டா இருக்கணும்னு அவளே போய் உள்ள உக்காந்திருக்கா. நான் அவளை வச்சது எந்தக் கூண்டுல.

"நிசமாச் சொல்லுங்கத்தை. வலி குறைஞ்சிருக்கா?"

"உன் படிப்பு முடியுத நேரம் பாரு."

"அத்தை."

"குறையலம்மா. முதல்லேருந்தே குறையலை. எலிக்கெல்லாம் கேக்குதுன்னு நீ சொல்லுத, எனக்கு மட்டும் கேக்கலைன்னு எப்படிச் சொல்ல. உன் களிம்பு நல்ல களிம்புதான், என் உடம்புதான் ஏத்துக்கிடலை போலுக்கு. கட்டை வேகுற வயசு. அதை ஒண்ணும் கணக்குல சேத்துக்கிடாத."

சொல்லிரு வடிவு. இப்பச் சொல்லலைன்னா நீ மனுஷியே இல்லை. தொண்டையில நிக்கதைத் துப்பு.

"உங்க உடம்பு மேல குத்தமில்லை அத்தை. அதுல மருந்தே இல்லை. பயந்துக்கிட்டு வெறும் மெழுகைக் குடுத்தேன். உங்களுக்குக் குடுத்தது முதல் கூண்டுக் களிம்பு. அட்டையைச் சாமிக்குப் பின்னால பாத்தேன், நாலு வாரமாச்சு, பாத்துட்டும் வாயைத் திறக்கலை. சொன்னா என் குட்டு வெளிய வந்துரும்னு இருந்தேன். நான்தான் அத்தை. உங்க கையை நான்தான் கெடுத்துட்டேன்."

ஏசுவான்னு காதைக் கிட்ட வச்சுக்கிட்டு நிக்கேன். ஏசிட்டா நல்லா இருக்கும். பாவி, உன்னைப் படிக்க வச்சேனேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அதைப் பிடிச்சுக்கிட்டு அழுதுருவேன். பக்கத்து வீட்டு மிக்ஸி நின்னு போச்சு.

"முதல் கூண்டுன்னா," அத்தை மெதுவாக் கேக்கா, "அந்த ஒண்ணுமே குடுக்காத எலிகளா?"

"ஆமா அத்தை."

"அதுகளுக்கு ரொம்ப வலிக்குமே வடிவு."

மேசையில வச்ச மணி அடிக்குது, அளவு எடுக்க நேரமாச்சு, அடிச்சுக்கிட்டே இருக்கு. அதை அமத்தக் கூடக் கை போகலை.

"மணி அடிக்கு பாரு," அத்தை சொல்லுதா. "போய் அளந்து எழுதிட்டு வா. அளக்காம விட்டா அதுக பட்ட பாடெல்லாம் வீணாப் போயிரும்."

"மாத்திரை அத்தை. நாளாயிட்டுது, டாக்டரம்மாட்டக் கேட்டுட்டுத்தான் மறுபடி போடணும். சாயங்காலமே போவோம். நான் சீக்கிரம் வாறேன்."

"வா. வந்து நீயே பிரிச்சுக் குடு. எனக்கு அந்த அட்டையை அமுக்க வரலை."

வச்சுட்டா. வச்சுட்டான்னா, அவளால அமத்த முடியலையோ என்னமோ, போன் கட்டாகலை, அந்தப் பக்கம் செருப்பைத் தேய்ச்சு நடந்து போற சத்தம், அப்புறம் குழாய்ல தண்ணி விழுற சத்தம். நான்தான் இந்தப் பக்கம் கட் பண்ணுதேன். முதல் கூண்டைத் திறந்து மஞ்சப் பொட்டு எலியை எடுக்கேன். கடிக்கலை. கையிலேயே கிடக்கு, சூடா, கண்ணைப் பாதி மூடிக்கிட்டு. கோடு வரைக்கும் காலை முக்குதேன், தண்ணி ஏறுது, அளவு சரியாத் தெரியலை, கண்ணைத் துடைச்சுக்கிட்டு மறுபடி முக்குதேன். முதல் கூண்டு, முதல் எலி. குறையலை.